பிஸ்கட் உறையும் புற்றுநோய் மாத்திரையும் ஒரே சிலபஸில்! தெரியுமா?

சட்டக் கல்லூரி என்றால் கொலை வழக்கு, ஜாமீன், பாகப்பிரிவினை... இவ்வளவுதான் நம் மனசுக்கு வரும். ஆனால் ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் மாட்டோடும் கோழியோடும் நிற்கும் பெண், பென்ஸ் பெயரில் விற்ற உள்ளாடை, ரோஜா மணக்கும் டயர், தானே ஆடும் பங்கா, பித்தளைப் பாத்திரம் கடையும் பட்டறை, மாதம் 1.2 லட்சம் ரூபாய் விலை சொல்லப்பட்ட மாத்திரை, இதெல்லாம் ஒரே பாடத்தில் வரும் என்று தெரியுமா? அந்தப் பாடத்தின் பெயர் அறிவுசார் சொத்துரிமைச் சட்டம். அதில் டிரேட் மார்க், பேட்டன்ட் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே மூச்சு முட்டும். சும்மா இல்லை, வாருங்கள்!

இந்தப் பாடத்தைப் படிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு பேரைச் சந்திக்கிறார்கள். இரண்டு பேருமே உலகத்தில் இல்லாதவர்கள்! டிரேட் மார்க் பகுதியில் வருபவர் ஒரு ஞாபகமறதிக்காரர். சுமாரான புத்தி, அரைகுறை நினைவு, கடையில் நின்று உற்றுப் பார்க்கப் பொறுமை இல்லை. பேட்டன்ட் பகுதியில் வருபவர் நேர் எதிர்: தன் தொழிலில் அதுவரை வந்த அத்தனையும் தெரிந்த கைதேர்ந்த ஆள். கோடிக்கணக்கான ரூபாய் வழக்குகள் எல்லாம் கடைசியில், இந்த இல்லாத ஆள் என்ன நினைத்திருப்பார் என்ற கேள்வியில்தான் வந்து முட்டி நிற்கின்றன. இந்த ஒன்று பிடிபட்டால் பாதி சிலபஸ் முடிந்தது என்பேன்.

முதலில் மறதிக்காரர். 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பார்லே பிஸ்கட் வழக்கு தெரியுமா? பார்லேயின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பெண், பசுக்கள், கோழிகள், பின்னால் பண்ணை வீடு, வேலி. மைசூர் நிறுவனம் ஒன்று 'குளுக்கோஸ் பிஸ்கட்' என்று ஓர் உறை அச்சடித்தது. அதிலும் ஒரு பெண், அருகில் மாடு, கோழி, பின்னால் வீடு, வேலி! ஒரு கை உயர்ந்திருக்கிறது, மறு கையில் ஏதோ இருக்கிறது. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே இது வேறு, அங்கே அது வேறு என்று வித்தியாசங்களை எண்ணி, பார்லேயைத் தோற்கடித்துவிட்டன. உச்ச நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? எண்ணுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டது. கடைக்கு வருகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்தா பார்க்கிறார்? இன்றைக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வேறொரு நாள் இன்னொன்றைப் பார்ப்பார். அதுதான் இது என்று எடுத்துப் போய்விடுவார். அளவும் வண்ணமும் படத்தின் முக்கிய அம்சங்களும் ஒத்துப்போனால் போதும். பார்லே ஜெயித்தது. இன்றைக்கும் சட்டக் கல்லூரித் தேர்வில் இரண்டு பெயரைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், இந்த உறைகளை எழுதாமல் யாரும் வெளியே வருவதில்லை.

அதற்கும் முன்னால் 1963-ல் 'அம்ருத்தாரா' என்ற பழைய மருந்துக்கும் 'லக்ஷ்மண்தாரா' என்ற புதிய மருந்துக்கும் சண்டை. இரண்டு பெயரையும் பிரித்துப் பொருள் சொன்னால் சம்பந்தமே இல்லை. ஆனால் மருந்து வாங்க வருகிறவர் இலக்கணம் பிரித்துக்கொண்டு நிற்கமாட்டார், ஒட்டுமொத்த ஓசைதான் காதில் விழும் என்றது நீதிமன்றம். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு: பெயர்கள் ஒத்திருக்கின்றன என்று சொன்ன அதே தீர்ப்பு, லக்ஷ்மண்தாராவுக்கு உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவை அனுமதித்தது. எதிராளி இத்தனை வருஷம் விற்பதைத் தெரிந்தும் சும்மா இருந்தாயே என்பதுதான் காரணம்! டிரேட் மார்க் சட்டத்தில் தூங்கினால் அவ்வளவுதான்.

மருந்து என்றால் இன்னும் கறார். 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்', இரண்டும் மலேரியா மருந்துகள். இரண்டையும் தயாரித்த நிறுவனங்களின் பெயர்களிலும் 'கேடிலா'! ஒரே குழுமம் பிரிந்து உருவான இரண்டு நிறுவனங்கள் அவை. 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பிஸ்கட் மாறிப்போனால் ருசிதான் மாறும், மாத்திரை மாறிப்போனால் உயிரே போகலாம், அதனால் மருந்துப் பெயர்களில் அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்கவேண்டும். டாக்டர் எழுத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

சிரிக்க வைக்கும் வழக்கும் உண்டு. 1994-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் கார் நிறுவனம் வந்தது. எதற்கு தெரியுமா? 'பென்ஸ்' என்ற பெயரில் ஆண்கள் உள்ளாடை! பெயர் மட்டுமா? வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில், வட்டத்துக்குள் கால்களை அகட்டி நிற்கும் ஒரு மனித உருவம். காருக்கும் ஜட்டிக்கும் என்ன போட்டி என்று கேட்கலாம். கேட்கத்தான் செய்தார்கள். உலகமே அறிந்த பெயரை எந்தச் சரக்கின்மீதும் ஒட்டிக்கொள்ள முடியாது என்று தடை விழுந்தது.

சரி, பெயர் என்றால் எழுத்து மட்டும்தானா? இல்லவே இல்லை! யாஹூ நிறுவனம் பெயரை இழுத்துப் பாடும் அந்தக் கூவல் இருக்கிறதே, அது 2008-ல் இந்தியாவில் பதிவான முதல் ஒலிக் குறி. மும்பை தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டலின் உருவமே 2017-ல் டிரேட் மார்க்காகப் பதிவானது, இந்தியாவில் ஒரு கட்டடத்துக்குக் கிடைத்த முதல் பதிவு. வாசனை? ஜப்பானின் சுமிடோமோ ரப்பர் நிறுவனம் ரோஜா மணக்கும் டயருக்காக 1996-லேயே பிரிட்டனில் பதிவு வாங்கிவிட்டது. இந்தியாவில் அதே ரோஜா டயரின் மணம் 2025 நவம்பரில்தான் விளம்பரப்படுத்த ஏற்கப்பட்டது. மணத்தைத் தாளில் எப்படி வரைவது? அதுதான் பெரிய சிக்கல்! சட்டம் குறியை வரைந்து காட்டச் சொல்கிறது. அலகாபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் உதவியுடன் அந்த மணத்தை ஏழு பரிமாணங்கள் கொண்ட கணித வடிவமாக்கிக் காட்டினார்கள். சட்டப் புத்தகத்துக்குள் வேதியியலும் கணக்கும் நுழைவது இப்படித்தான்.

பிரிட்டனின் முதல் டிரேட் மார்க் எது தெரியுமா? பாஸ் பீரின் சிவப்பு முக்கோணம்! பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1876 ஜனவரி 1-ஆம் தேதி முதல் ஆளாக நிற்கவேண்டும் என்று அந்த மதுபான ஆலையின் ஊழியர் ஒருவர் முந்தைய இரவே அலுவலக வாசலில் போய்க் காத்திருந்தார் என்று கதை சொல்வார்கள். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் எண் 1 அவர்களுடையதுதான். 1882-ல் பிரெஞ்சு ஓவியர் மனே வரைந்த புகழ்பெற்ற மதுக்கூட ஓவியத்தில் அந்த முக்கோணப் பாட்டில்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். டிரேட் மார்க்கின் மாயமே அதுதான். பேட்டன்ட்டுக்கு 20 வருஷம்தான் ஆயுள். டிரேட் மார்க்குக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் சாவே கிடையாது!

அப்படியானால் எந்தப் பெயரையும் வளைத்துப் போட்டுவிடலாமா? அங்கேயும் ஆப்பு இருக்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று பெயர் பதியக் கேட்டவருக்கு, புனித நூலின் பெயர் ஒருவருக்கே சொந்தமாக முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூடுல்ஸ் சண்டை நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. ஐ.டி.சி.யின் 'மேஜிக் மசாலா'வுக்கும் நெஸ்லேயின் 'மேஜிக்கல் மசாலா'வுக்கும் மல்லுக்கட்டு. 'மேஜிக்', 'மசாலா' இரண்டுமே ஊரார் பேசும் சாதாரணச் சொற்கள், யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்று 2020-ல் ஐ.டி.சி.யின் வழக்கு தள்ளுபடி. அடுத்த முறை மேகி கிளறும்போது நினைத்துக்கொள்ளுங்கள், அந்த உறையில் ஒரு தீர்ப்பே இருக்கிறது!

இன்னொரு விபரீதம்: ஒரு பெயர் ரொம்பப் பிரபலமானால் அதுவே அதற்கு எமன். எஸ்கலேட்டர், தெர்மாஸ், ஆஸ்பிரின், மூன்றும் ஒரு காலத்தில் தனி நிறுவனங்களின் சொத்து. ஊரே அந்தப் பொருளுக்கு அதே பெயரைச் சொல்லப் பழகியதால் அமெரிக்காவில் மூன்றும் பறிபோயின. நம் தெருமுனைக் கடை பலகையில் 'ஜெராக்ஸ்' என்றுதானே எழுதியிருக்கிறது? அந்தப் பெயரும் பொதுச்சொல் ஆகிவிட்டது என்று இந்தியாவில் வழக்கே போட்டார்கள். 2012-ல் ஜெராக்ஸ் நிறுவனம் தப்பித்தது. பெயரைப் பிரபலமாக்கக் கோடி கொட்டவேண்டும், பிறகு ரொம்பப் பிரபலமாகாமல் காக்க வக்கீலுக்குக் கொட்டவேண்டும். இந்தப் பாடம் படித்தவருக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லாததன் ரகசியம் இதுவாகவும் இருக்கலாம்.

இப்போது பேட்டன்ட்! இந்தியாவின் முதல் பேட்டன்ட் விண்ணப்பம் எதற்குத் தெரியுமா? மின்விசிறி இல்லாத காலத்தில் கூரையில் தொங்கும் துணிப் பங்காவை ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றால் இழுத்துக்கொண்டே இருப்பாரே, அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்துக்கு! 1856 மார்ச் 3-ஆம் தேதி கல்கத்தாவில் விண்ணப்பித்தவர் ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினீயர். அவர் பெயர் தாங்கிய பேட்டன்ட் நிறுவனம் இன்றைக்கும் சென்னையைத் தலைமையிடமாக வைத்து நடக்கிறது. அதைவிட வேடிக்கை, அவர் விண்ணப்பித்த அந்த 1856-ஆம் ஆண்டுச் சட்டமே மறு வருஷம் ரத்தானது. மகாராணியின் முன்அனுமதி வாங்காமல் இயற்றிவிட்டார்களாம்! 1859-ல் மறுபடி இயற்றினார்கள்.

அந்தக் காலத்தில் பேட்டன்ட் 14 வருஷம். ஏன் 14? 1624-ல் இங்கிலாந்து போட்ட சட்டத்தின் கணக்கு அது. ஒரு தொழில் பழகும் சிஷ்யன் ஏழு வருஷம் குருவிடம் இருக்கவேண்டும். இரண்டு தலைமுறைச் சிஷ்யர்கள் கற்று முடிக்கும் காலம் 14! அதற்கும் முன்னால் 1474-லேயே வெனிஸ் நகரம் புதுக் கருவி கண்டுபிடித்தவருக்கு 10 வருஷ உரிமை கொடுத்திருக்கிறது. ஆக, கம்ப்யூட்டர் சிப்புக்கும் தடுப்பூசிக்கும் இன்று பேசும் சட்டத்தின் வேர், கொல்லன் உலைக்களத்திலும் கண்ணாடிப் பட்டறையிலும் இருக்கிறது.

இங்கேதான் அந்த இரண்டாவது இல்லாத ஆள் வருகிறார், தொழில் தெரிந்தவர். 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மிர்சாபூர் பாத்திர வழக்கைப் படிக்காமல் யாரும் இந்தியாவில் பேட்டன்ட் பாடத்தைத் தாண்ட முடியாது. மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் கடைபவர்கள் கடைசல் இயந்திரத்தின் தலைப்பக்கத்தில் பாத்திரத்தை ஒட்டியோ தாடையில் பிடித்தோ சுழல விடுவார்கள். வேகமாகச் சுழலும்போது பாத்திரம் பிடி விட்டுப் பறக்கும், ஆளுக்கு ஆபத்து. ஒரு நிறுவனம் மறுமுனையிலிருந்தும் அழுத்திப் பிடிக்கும் அமைப்பைச் செய்து 1951-ல் பேட்டன்ட் கேட்டு வாங்கியது. நல்ல காரியம்தானே? உபயோகமானதுதானே? ஆனால் அந்த அழுத்துமுனை வேறு கடைசல் இயந்திரங்களில் ஏற்கனவே இருப்பதுதான். பட்டறை வேலை தெரிந்த எந்த ஆளும் இயல்பாகச் செய்துவிடக்கூடிய சீர்திருத்தத்துக்குப் பேட்டன்ட் கிடையாது என்று ரத்து செய்துவிட்டார்கள். புதியதாக இருந்தால் போதாது, பயன்பட்டால் போதாது, தொழில் தெரிந்தவரே 'அட!' என்று சொல்லவேண்டும்.

நம்மூர் சண்டையும் ஒன்று உண்டு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தொழில்நுட்பம் தன்னுடையது என்று பஜாஜ் வழக்குப் போட்டது. எதிரி, டி.வி.எஸ்.! 125 சிசி 'ஃப்ளேம்' பைக் சந்தைக்கு வரும் நேரம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார், 2009-ல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது, சில மாதத்தில் விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கே சொன்ன அறிவுரை தெரியுமா? இந்த மாதிரி வழக்குகளை வழக்கமாக நான்கு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்! அந்த வழக்கு முடிந்தது எப்போது? 2019-ல், அதுவும் இரு நிறுவனங்களும் கைகுலுக்கிச் சமாதானம் ஆனதால். அதற்குள் ஃப்ளேம் அணைந்தே போய்விட்டது.

எதற்கெல்லாம் பேட்டன்ட் கிடையாது என்ற பட்டியல்தான் எனக்குச் சட்டத்திலேயே பிடித்த பக்கம். பிரிவு 3. ஓய்வில்லாமல் தானே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமா? இயற்கை விதிக்கு விரோதம், போய் வா. புது விளையாட்டு கண்டுபிடித்தீர்களா? விளையாடும் முறைக்குக் கிடையாது. சர்ஜன் ஒருவர் அபாரமான அறுவைச் சிகிச்சை முறை கண்டுபிடித்தாலும் கிடையாது! விவசாய முறைக்குக் கிடையாது. தெரிந்த பொருள்களை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் கிடையாது. பாட்டி வைத்தியத்துக்குக் கிடையாது.

அந்தப் பட்டியலில் 3(டி) என்று ஒரு துண்டு இருக்கிறது. சில வரிகள்தான். உலக மருந்து நிறுவனங்களுக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்த வரிகள்! அந்தக் கதை சென்னையில் தொடங்கியது என்று தெரியுமா?

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். சுதந்திர இந்தியாவுக்குப் புது பேட்டன்ட் சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று ஆராயப் பணிக்கப்பட்டவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கையின்மேல்தான் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. மருந்துப் பொருளுக்குப் பேட்டன்ட் இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான், அதுவும் சில வருஷத்துக்குத்தான்! ஒரே மாத்திரையை வேறு வழியில் செய்தால் குற்றமில்லை. இந்திய மருந்துக் கம்பெனிகள் உலகத்துக்கே மலிவு மருந்து விற்கும் நிலைக்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு 2005-ல் மருந்துக்கும் முழுப் பேட்டன்ட் கொடுக்கவேண்டியதாயிற்று. கொடுக்கும்போதே 3(டி) என்ற தாழ்ப்பாளையும் போட்டுவிட்டார்கள். ஏற்கனவே தெரிந்த மருந்தின் உருவத்தை மட்டும் மாற்றிப் புதுசு என்று சொன்னால் செல்லாது, குணப்படுத்தும் திறன் கூடியிருக்கவேண்டும்.

நோவார்ட்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 1998-லேயே சென்னைப் பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2005-ல் கோப்பைத் திறந்தார்கள். புற்றுநோயாளிகளுக்கான சங்கம் ஒன்றும் மலிவு மருந்து நிறுவனங்களும் எதிர்த்து மனுப் போட்டன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது! நோவார்ட்டிஸ் விடுமா? 3(டி)யே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர்.பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். அப்புறம் மேல்முறையீட்டு வாரியம், அப்புறம் டெல்லி. புதிய வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றார்கள். உச்ச நீதிமன்றம் கேட்டது, கூடுதலாகச் சேர்ந்தால் நோய் கூடுதலாகக் குணமாகிறதா? அதற்கான ஆதாரம் காட்டப்படவில்லை. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி கதை முடிந்தது. அந்த மருந்து அப்போது மாதத்துக்கு 1.2 லட்சம் ரூபாய் என்றும், இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய் வரை என்றும் பத்திரிகைகள் எழுதின. சில வரிச் சட்டம், எவ்வளவு குடும்பங்கள்!

சென்னையிலிருந்து ஓர் அதிகாரி எழுதிய உத்தரவு உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பதை நம்மூரில் எத்தனை பேர் அறிவார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அதோடு நிற்கவில்லை. பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர், சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய் மருந்து, அப்போது மாதத்துக்கு சுமார் 2.8 லட்சம் ரூபாய். பேட்டன்ட் அவர்களுடையதாகத்தான் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் பேட்டன்ட் கொடுத்து மூன்று வருஷம் ஆன பிறகும் மருந்து மக்களுக்குப் போதுமான அளவில், கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்றால், வேறொருவர் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் கொடுக்கலாம் என்று பிரிவு 84 சொல்கிறது. 2012 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு அப்படி ஓர் உரிமம் கிடைத்தது. மாத விலை எவ்வளவு தெரியுமா? 8,880 ரூபாய்! பேயருக்கு விற்பனையில் 6 சதவீத ராயல்டி. மேல்முறையீடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வாரியத்துக்கு வந்தபோது அதன் தலைவராக இருந்தவர் யார் என்கிறீர்கள்? அதே பிரபா ஸ்ரீதேவன்! உரிமம் செல்லும் என்றார், ராயல்டியை 7 சதவீதமாக்கினார். எழுத்தாளர் ஆர்.சூடாமணியின் தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான் என்பது கொசுறுத் தகவல்.

மஞ்சள் கதை எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். தெரியாத பாதி இது: எங்கள் வீட்டில் எல்லாரும் பூசுவோம் என்று சொன்னால் செல்லாது! அச்சில் இருந்த ஆதாரம் வேண்டும். விஞ்ஞானி மஷேல்கர் தலைமையில் சி.எஸ்.ஐ.ஆர். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்து 32 ஆதாரங்களைத் தேடி எடுத்து வைத்தது. இந்திய மருத்துவ சங்கத்தின் இதழில் 1953-ல் வந்த ஒரு கட்டுரையும் அதில் உண்டு. 1997-ல் பேட்டன்ட் ரத்து. இந்தத் தலைவலி திரும்ப வேண்டாம் என்றுதான் 2001-ல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானியோடு நம் சித்த மருத்துவ நூல்களும் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் என ஐந்து மொழிகளில் அதில் ஏறியிருக்கின்றன. ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலக அதிகாரி தன் மேஜையில் உட்கார்ந்தபடியே நம் சித்தர்கள் சொன்ன மருந்தைத் தேடிப் பார்க்கலாம்!

உயிருக்குப் பேட்டன்ட் உண்டா? உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைத்தவர் ஒரு வங்காளி. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியவர். 1980-ல் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைத் தீர்ப்பு.

எல்லாம் சரி, இதை எங்கே படிப்பது? சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். படிப்பில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் சட்டம் படிக்கலாம் தெரியுமா? கரக்பூர் ஐ.ஐ.டி. 2006-ல் அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்துக்கென்றே ஒரு சட்டக் கல்லூரி திறந்தது. இன்ஜினீயரும் விஞ்ஞானம் படித்தவரும் அங்கே போய் மூன்று வருஷ எல்.எல்.பி. முடிக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்த உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு வீட்டிலிருந்தே படிக்கும் அடிப்படைப் படிப்பை இலவசமாகவே தருகிறது.

இதில் பெரிய ஆச்சரியத்தை இன்னும் சொல்லவில்லை. பேட்டன்ட் ஏஜென்ட் ஆக வக்கீல் பட்டம் வேண்டியதே இல்லை! 21 வயது நிரம்பிய இந்தியக் குடிமகன், அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம், அதோடு மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேர்ச்சி. இரண்டு எழுத்துத் தாள்களிலும் தலா 50 சதவீதம், வாய்மொழித் தேர்வையும் சேர்த்து மொத்தத்தில் 60 சதவீதம். அவ்வளவுதான்! பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு என்ன செய்வதென்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை. டிரேட் மார்க் ஏஜென்ட்டுக்கு எந்தப் பட்டமும் போதும், அதற்கும் தேர்வு உண்டு.

படிக்கிறவர்களுக்கு ஓர் ஆய்வுக்கூடம் வேண்டுமானால் கிண்டி ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகலாம். பேட்டன்ட், டிரேட் மார்க் இரண்டு அலுவலகமும் அங்கே. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான்! டார்ஜிலிங் தேயிலை முதல் பதிவு. பழநி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு எல்லாம் அந்தக் கட்டடத்தில்தான் பெயர் வாங்கின. இந்த உரிமையை யாருக்கும் விற்க முடியாது, எழுதிக் கொடுக்கவும் முடியாது, ஊருக்கே சொந்தம். ஆனாலும் எல்லை உண்டு. கொல்கத்தாவில் ஒரு நட்சத்திர ஹோட்டல் தன் ஓய்வுக்கூடத்துக்கு 'டார்ஜிலிங் லௌஞ்ச்' என்று பெயர் வைத்தபோது தேயிலை வாரியம் வழக்குப் போட்டுத் தோற்றது. தேயிலைக்குத்தானே பதிவு, சோபாவுக்கு இல்லையே!

கடைசியாக, கல்லூரி மாணவர்களுக்கு ஒரு விஷயம். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் அசல் சரக்கு ஏதாவது சிக்கினால் உடனே என்ன செய்கிறோம்? கருத்தரங்கில் படிக்கிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம், யூடியூபில் போடுகிறோம். போட்ட நிமிஷமே அது உலகறிந்த செய்தி, புதுமை போச்சு, பேட்டன்ட்டும் போச்சு! கற்றறிந்தோர் சபையில் படித்த கட்டுரைக்கு 12 மாத அவகாசம் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலானது, அதை நம்பி இறங்க வேண்டாம். அதற்குப் பதில் தற்காலிக விவரக் குறிப்பு ஒன்றை முதலில் தாக்கல் செய்துவிட்டால் தேதி உங்களுடையது. முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி 2021 முதல் உண்டு. தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய். உங்கள் வீட்டில் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளை இருந்தால், மேடை ஏறுவதற்கு முன் அந்த விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள்.